ஜல்லிக்கு ஒரு ஸ்வெட்டர்

ஜனவரி 19, திங்கள்

பனி ஜாஸ்தி. ஏழரை வரைக்கும் மலையே தெரியவில்லை. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. பிளம்பருக்குப் போன் செய்ய வேண்டும் (வெள்ளிக்கிழமையும் இதையேதான் எழுதியிருக்கிறேன்).

பாக்கி வேலை:
பிளம்பர்.
பி.பி. மாத்திரை, நாலுதான் இருக்கிறது.
மாடி ரூம் ஒட்டடை.
ஜல்லி.

ஜல்லி என்றால் மாடி கட்டியபோது மிச்சமானது. பதினோரு வருஷமாகத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் குவியலாகக் கிடக்கிறது. பாம்பு வந்து அடையும் என்று வருஷா வருஷம் கத்துவேன். அக்கா காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இன்று பக்கத்து வீட்டுச் செல்வி தானாக வந்து கேட்டாள்.

"பெரிம்மா, அந்த ஜல்லி சும்மாதான கெடக்குது. பாத்ரூமுக்குத் தரை போடணும்னு எங்க வூட்டுக்காரரு சொல்லினு இருக்காரு. எடுத்துக்கட்டா?"

"எடுத்துட்டுப் போ. ஒண்ணு பாக்கி வெக்காத."

விட்டது சனி.

காலை ஆறு மணிக்குக் கல்லுக்குக் குளியல், விபூதி, ஒரு செம்பருத்தி. அக்கா போனதிலிருந்து எட்டு மாதமாக நான்தான் செய்கிறேன். பக்தி எல்லாம் கிடையாது. செய்யாவிட்டால் திட்டுவாள் என்று ஒரு பயம். கருப்புக் கல், கோழி முட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, வழவழவென்று இருக்கும். மலை சுற்றும் பாதையில் கிடைத்தது என்று கொண்டுவந்து சாமி அலமாரியில் வைத்தாள். இன்று அதனிடம் மோட்டாரைப் பற்றிப் புகார் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். வீட்டில் வேறு யாரிடம் சொல்வது?

ஜனவரி 20, செவ்வாய்

பிளம்பர் எடுக்கவில்லை.

அக்காவின் போனுக்கு இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். அக்கா இறந்த செய்தியை ஹெல்காவுக்கு அனுப்பியதும் அதிலிருந்துதான். இன்று அதில் மெசேஜ் வந்தது. ஹெல்கா. சனிக்கிழமை வருகிறாளாம், ஒன்பது நாள்.

ஹெல்கா ஐஸ்லாந்துக்காரி. மாடி ரூமில் ஆறு குளிர்காலம் வாடகைக்கு வந்து தங்கியவள். மூன்று வருஷமாக வரவில்லை. அக்காவின் சிநேகிதி, எனக்கு ஒன்றும் இல்லை. நான் தாலுக்கா ஆபீசிலிருந்து வரும்போது இரண்டு பேரும் சமையலறையில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காபி போட ஆரம்பிப்பார்கள். வீட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தவளைப் போல நிற்பேன்.

மெசேஜ் இங்கிலீஷில். சாராம்சம்: முட்டி போய்விட்டது, இதுதான் கடைசிப் பயணம். ஒன்பது வருஷத்துக்கு முன் ஜெயா (அக்காதான்) தனக்குக் கொடுத்த கல்லைத் திரும்ப மலையில் வைக்க வேண்டும். மலையே சிவன் என்றால் அவர் உடம்பிலிருந்து ஒரு துண்டைத் தான் கொண்டுபோனது தப்பு. நீ கூட வருவாயா?

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்தது.

அந்தக் கல் எனக்குத் தெரியும். அன்றைக்கு ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா குழாயடியில் குந்தி உட்கார்ந்து ஒரு ஜல்லியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா பண்ற?"

"ஹெல்கா நாளைக்கு ஊருக்குப் போறாடி. ஞாபகத்துக்கு மலைக்கல்லு ஒண்ணு வேணுமாம்."

"அதுக்கு ஜல்லியா?"

"அண்ணாமலையப் பேத்து பிளேன்ல அனுப்ப நான் யாருடி? இல்லன்னு சொன்னா அவ மூஞ்சி சுண்டிப் பூடும். சர்தான் போடி, உனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு."

விபூதி பூசி, பூ வைத்து, வெற்றிலையில் வைத்துக் கொடுத்தாளாம். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். அதற்குப் பிறகு பல வருஷம் அக்காவும் நானும், இரண்டு பேரில் ஒருத்தி 'ஜல்லி' என்று சொன்னால் போதும். கோயிலில் வரிசையில் நிற்கும்போதுகூட ஒருமுறை சிரித்துச் சிரித்துப் பின்னால் நின்றவர் அதட்டினார். இந்தக் கதை தெரிந்தது உலகத்தில் இரண்டே பேருக்கு. இப்போது நான் மட்டும். இன்று சமையலறையில் தனியாக 'ஜல்லி' என்று சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

'வா' என்று பதில் போட்டேன். கல்லைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ஜனவரி 22, வியாழன்

செல்வி மாடியைக் கூட்டிக் கழுவிவிட்டாள். நான் ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியைத் துடைத்தேன். மாடியில் தங்கியவர்கள் போகும்போது அவரவர் ஊரின் ஞாபகமாக ஏதாவது ஒன்று விட்டுப்போக வேண்டும், அது அக்காவின் சட்டம். ஒவ்வொன்றுக்கும் அடியில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கிறது. பேர், ஊர், அப்புறம் என்ன தின்பார்கள் என்பது.

மரச் செருப்பு, ஒற்றை. "யான். ஹாலந்து. இட்லி எட்டு."

கண்ணாடி உருண்டைக்குள் கோபுரம், குலுக்கினால் பனி கொட்டும். "லூயி. பிரான்சு. ரசம் டம்ளர்ல."

மண் குதிரை, கால் ஒட்டவைத்தது (உடைத்தது நான்). "மிதாலி. கல்கத்தா. கத்திரிக்கா தொட மாட்டா."

வெள்ளி மாதிரி ஒரு ஸ்பூன். "பேர் மறந்துட்டேன். நல்ல பையன். பாயசம்."

இந்த வீட்டிலிருந்து யாரும் எங்கும் போனதில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன தூரம் திருப்பதி. வாங்கி வந்த லட்டைத் தின்று தீர்த்தோம், ஞாபகத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மேல் தட்டில் ஒரு சீட்டு மட்டும் தனியாக. "ஹெல்கா. ஐஸ்லாந்து. தயிர் சாதம், மாவடு." அதன் மேல் பொருள் எதுவும் இல்லை. ஆறு வருஷம் வந்து தங்கி ஒரு துரும்புகூட விட்டுப்போகவில்லையா? கஞ்சம்.

ஜனவரி 24, சனி

பிளம்பர் வந்தான். வால்வு போயிருந்தது.

பதினொன்றரைக்கு ஹெல்கா வந்தாள். இளைத்துவிட்டாள். கையில் தடி. கேட்டைத் திறந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மாடி ஏற முடியாது என்றாள். அக்காவின் அறையைக் கொடுத்தேன்.

அவள் தமிழ் முழுக்கச் சமையலறைத் தமிழ். அக்காவிடம் கற்றது. அதனால் என்ன ஆகிறது என்றால், அக்கா என்னிடம் பேசியதை எல்லாம் அப்படியே பிடித்து வைத்திருக்கிறாள். மரியாதை எது, செல்லம் எது என்று பிரிக்கத் தெரியாது.

"ராணி, நீ சாப்ட்டியாடி?"

எட்டு மாதமாக என்னை யாரும் 'டி' போட்டுக் கூப்பிடவில்லை. தட்டு எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

'சர்தான் போடி'யும் இருக்கிறது. சம்பந்தமே இல்லாத இடத்தில் சொல்கிறாள். "தண்ணி சூடு. சர்தான் போடி." அதே இழுப்பு, அதே ராகம்.

சாப்பிட்ட பிறகு பையைத் திறந்து கல்லை எடுத்தாள். கம்பளி நூலில் பின்னிய ஒரு சின்ன உறைக்குள் இருந்தது. சாம்பல் நிறம், கழுத்தில் சிவப்புக் கோடு, ஒரு பொத்தான்கூட உண்டு.

"எங்க ஊரு ஜாஸ்தி குளிரு. இதுக்குப் பழக்கம் இல்ல. பாவம்."

ஜல்லிக்கு ஸ்வெட்டர். ஐயோ அக்கா. சமையலறைக்குள் ஓடி, சிங்க்கைப் பிடித்துக்கொண்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். இரண்டு நிமிஷம் கழித்துப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஜனவரி 25, ஞாயிறு

பெரிய சமாசாரம். ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஆறு. வழக்கம் போலக் கல்லைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஹெல்கா வந்து நின்றது தெரியவில்லை. 'ஓ' என்றாள்.

"ராணி, இது என் கல்லு."

"எது?"

"இது. எங்க அம்மா வீடு, முன்னால கடல். அங்க எடுத்தேன். ஜெயாக்குக் குடுத்தேன்."

"இல்லைங்க. இது மலைக்கல்லு. அக்கா மலை சுத்தறப்ப எடுத்துட்டு வந்தது."

"அடியில வெள்ளக் கோடு. ரெண்டு. பாரு."

பார்க்கத் தேவையே இல்லை. எட்டு மாதமாகக் குளிப்பாட்டுகிறவள் நான். அடியில் வெள்ளைக் கோடு இருக்கிறது. இரண்டுதான்.

அவள் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். அக்கா மலைக்கல்லைக் கொடுத்த அன்றே இவளும் தன் கல்லைக் கொடுத்திருக்கிறாள். மாற்று. அக்கா அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்கப் போனாள். அப்போது இவள் சொல்லியிருக்கிறாள்: எங்கள் ஊரில் பூமிக்கு உள்ளே நெருப்பு, வெளியே வரும், ஆறும், கல்லாகும், இந்தக் கல்லும் அப்படி வந்ததுதான்.

"ஜெயா கையி நின்னு போச்சு. நம்ம அண்ணாமலையும் நெருப்பு ஆறிக் கல்லு ஆனவருதான், அப்ப இவருதான் அவருன்னு சொன்னா. சாமிகிட்ட வெச்சா. ராணிகிட்ட சொல்லாத, சிரிப்பான்னு சொன்னா."

ஆமாம், சிரித்திருப்பேன். ஒரு வருஷம் விடாமல் சிரித்திருப்பேன்.

ஆக இவளுக்கு ஜல்லியை மலை என்று கொடுத்தாள். எனக்கு எங்கோ இருக்கும் கடற்கரைக் கல்லை மலை என்று சொன்னாள். எட்டு மாதமாக நான் மோட்டார் ரிப்பேரும் கால் வலியும் தூக்கம் வராததும் சொல்லி அழுதது ஐஸ்லாந்திடம்.

சீட்டுக்கு மேல் ஏன் பொருள் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. கஞ்சம் என்று எழுதியதை அடித்துவிடுகிறேன்.

ஜனவரி 26, திங்கள்

பள்ளிக்கூடத்து மைக்கில் காலையிலிருந்து பாட்டு. பேச்சு. மறுபடியும் பாட்டு.

அக்கா, உன்னோடு சண்டை. எழுத்தில்தான் போட முடிகிறது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து, என்னிடம் ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அவளிடம் சொல்லியிருக்கிறாய். நான் அவ்வளவு மோசமாகவா சிரிப்பேன்?

மாட்டுப் பொங்கல் மறுநாள், சாமியும் அம்மனும் கோபித்துக்கொள்ளும் திருவூடல் முடிந்து சமாதானம் ஆனபோது செல்வி வீட்டு மாடியில் நின்று வேட்டுச் சத்தம் கேட்டேன். அவர்களுக்குச் சமாதானம் பேச ஆள் இருக்கிறது. நமக்கு நடுவில் யார் வந்து பேசுவார்கள்?

இன்றும் குளிப்பாட்டினேன். வேறு ஊர்க் கல் என்று தெரிந்தும். கை பழகிவிட்டது. விபூதி வைத்ததும் அதே மூஞ்சிதான்.

ஜனவரி 27, செவ்வாய்

ஹெ. தினமும் காலையில் சாமி அலமாரி முன்னால் வந்து உட்கார்கிறாள். என்னைக் கேட்டுவிட்டுக் கல்லை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறாள். எனக்குப் பொறாமை. சாமான் வாங்கப் போனாலும் அதே ஞாபகம், இப்போது தொட்டுக்கொண்டிருப்பாளோ என்று.

சாயங்காலம் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். கேட்டேவிட்டாள்.

"ராணி, நான் இனிமே வர முடியாது. அம்மா வீடு இப்ப இல்ல. இடிச்சு ஓட்டல் கட்டியாச்சு. என்கிட்ட அங்கேர்ந்து ஒண்ணும் இல்ல, இந்தக் கல்லு மட்டும்தான். வருஷா வருஷம் வந்து பாக்கலாம்னு ஜெயாக்குக் குடுத்தேன். நான் எடுத்துட்டுப் போகட்டா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "பூஜை வெச்ச கல்ல எடம் மாத்தக் கூடாதுங்க. ஐதீகம்."

"ஐதீகம்னா?"

"ரூல்."

"ஓ. ரூல்." தலையை ஆட்டினாள்.

அப்படி ஒரு ஐதீகம் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. முப்பத்திநாலு வருஷம் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து 'ரூல் இல்லைங்க' என்று சொன்ன வாய். தானாக வருகிறது. முறுக்கு கருகிவிட்டது.

ஜனவரி 28, புதன்

செல்வியின் வீட்டுக்காரர் வந்து ஜல்லி முழுவதையும் சாக்குச் சாக்காக வாரிப் போய்விட்டார். இடம் பளிச்சென்று இருக்கிறது. பார்க்க நன்றாக இல்லை.

ஹெ. இன்று காலை சாமி அலமாரிப் பக்கம் வரவில்லை. அறைக்குள்ளேயே ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள். தயிர் சாதம் பாதி வைத்துவிட்டாள்.

முட்டி வலியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

ஞாயிறு பௌர்ணமி, அன்றைக்குக் கால் வைக்க முடியாது. அதனால் இன்றே மலை சுற்றக் கிளம்பினோம். அவளால் நடக்க முடியாது, செல்வியின் வீட்டுக்காரர் ஆட்டோ. காலை ஆறரை. நல்ல குளிர். ஹெ. கல்லை ஸ்வெட்டரோடு மடியில் வைத்துக்கொண்டாள். வழியில் எம லிங்கக் கோயிலைத் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

கண்ணாடியில் பார்த்த அவர் கேட்டுவிட்டார். "இன்னா பெரிம்மா அது, ஜல்லி மாதிரி கீது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரோட்டப் பாத்து ஓட்டுப்பா!"

பாவம், அந்த மனிதர் முந்தாநாள்தான் அதே குவியலிலிருந்து ஐந்து சாக்கு வாரினார்.

நிருதி லிங்கம் தாண்டி, காட்டு வேலி ரோட்டை ஒட்டி வரும் இடத்தில் ஹெ. நிறுத்தச் சொன்னாள். 'இங்கதான் எடுத்தேன்' என்று அக்கா சொன்னாளாம். சும்மா அடித்துவிட்டிருப்பாள். மலை அங்கே முழுசாகத் தெரிகிறது. மேலே மட்டும் மேகம்.

ஹெ. தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த முட்டியை வைத்துக்கொண்டு மண்டி போட்டாள். கம்பி வேலிக்குள் கையை விட்டு ஒரு புதருக்கு அடியில் கல்லை வைத்தாள். தட்டிக் கொடுத்தாள், குழந்தையைத் தூங்க வைப்பது மாதிரி. அவள் பாஷையில் என்னவோ சொன்னாள். பிறகு தமிழில், "மன்னிச்சுக்கோ. பத்திரமா வெச்சிருந்தேன்."

சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. 'அது எங்கள் வீட்டு ஜல்லிங்க.' எதற்கு? ஒன்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்தது பொய் இல்லையே. நான் கையைக் கூப்பி மலையிடம் சொன்னேன்: அக்கா பண்ணின வேலை இது. உனக்குத் தெரியும். அவளை ஒன்றும் செய்துவிடாதே. இந்த ஒன்றையும் உன்னோடு சேர்த்துக்கொள்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரங்கு இறங்கி வந்து கல்லை எடுத்தது. திருப்பிப் பார்த்தது. மோந்து பார்த்தது. உயிரே போய்விட்டது எனக்கு, அதற்குத் தெரிந்துவிட்டதோ என்று. பேசாமல் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டது.

"வாங்கியாச்சு!" என்று ஹெ. கையைத் தட்டினாள்.

திரும்பும்போது அவள் காலி ஸ்வெட்டரை விரலில் மாட்டிக்கொண்டு சும்மா வந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். தனக்குப் பிடித்த ஒன்றைத் திருப்பிக் கொடுக்க ஒருத்தி இந்த முட்டியோடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். நான் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு ரூல் பேசுகிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கொடுக்க மனசு வரவில்லை. இரண்டும் உண்மை.

ஜனவரி 31, சனி

காலையில் குளிப்பாட்டும்போது கல்லிடம் கேட்டேன், "போறியா?" பதில் வராது என்று தெரியும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிஜமாகவே காத்திருந்தேன்.

மாத்திரை வாங்கியாயிற்று.

பிப்ரவரி 1, ஞாயிறு

பௌர்ணமி. செங்கம் ரோடு முழுக்க ஜனம். வாசலில் செருப்பு விட்டுவிட்டுப் போகலாமா என்று முகம் தெரியாத நாலு பேர் கேட்டார்கள். சரி என்றேன். சாயங்காலம் எண்ணினால் பதினாறு ஜோடி. வீடு நிறைய ஆள் இருக்கிற மாதிரி இருந்தது பார்க்க.

ஹெ. பெட்டி கட்டுகிறாள். தயிர் சாதம் பிசைந்து மாவடு வைத்தேன். முழுசாகச் சாப்பிட்டாள். 'ஜெயா மாதிரியே' என்றாள். அக்கா கை எனக்கு வராது, அது அவளுக்கும் தெரியும்.

நாளை ஒன்பது மணிக்கு டாக்சி. கல்லைக் கொடுப்பதில்லை என்று முடிவு. இது அக்கா வைத்த இடம். எழுதியாயிற்று, இனி மாற்றக்கூடாது.

பிப்ரவரி 2, திங்கள்

மாற்றிவிட்டேன்.

டாக்சி வந்து, பெட்டி ஏற்றி, அவளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியை இறக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராணி, தனியா இருக்காதடி. நேரத்துக்குத் தின்னு."

அது அக்கா சொல்வது. ஆபீஸ் ஆடிட் சமயத்தில் தினம் சொல்வாள், நேரத்துக்குத் தின்னுடி என்று. எனக்கு என்ன ஆனதோ. "ஒரு நிமிஷம் இருப்பா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். காலைக் குளியலின் ஈரம்கூடக் காயவில்லை. விபூதியோடு, பூவோடு எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஐதீகம்?"

"ரூல் மாறிடுச்சுங்க. புது ஆர்டர்."

வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துவிட்டு, "சர்தான் போடி" என்றாள். முதல் முறையாகச் சரியான இடத்தில்.

வண்டி முனை திரும்பும் வரைக்கும் நின்றேன். செல்வி கோலம் போடுவதை விட்டுவிட்டு, "அழுவுறீங்களா பெரிம்மா?" என்று கேட்டாள். பனி என்றேன்.

உள்ளே வந்தால், கண்ணாடி அலமாரி மேல் தட்டில், அவள் பேர் எழுதிய சீட்டின் மேல் அந்தச் சின்ன ஸ்வெட்டர். எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆறு மணிக்குச் சொம்போடு சாமி அலமாரி முன்னால் போய் நின்றுவிட்டேன். கல் இருந்த இடத்தில் வட்டமாக விபூதிக் கறை. சொம்புத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றினேன்.

நாள் முழுக்கப் பேசவில்லை. பேசவேண்டிய வேலை எதுவும் வரவில்லை. சாயங்காலம் கீரைக்காரியிடம், "அரைக்கீரை இருக்குதா?" இன்று பேசியது அவ்வளவுதான்.

அக்கா அறையில் மெத்தையைத் தட்டிப் போட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பனி குறைந்துவிட்டது. ஆறேகாலுக்கே மலை தெரிகிறது.

அக்காவின் போனில் போட்டோ. ஹெல்கா வீட்டு ஜன்னல், வெளியே பனி, இருட்டு. ஜன்னல் ஓரம் ஒரு தட்டில் கல். விபூதி அப்படியே இருக்கிறது, கழுவவில்லை. பூ காய்ந்திருக்கிறது. கீழே இங்கிலீஷில் கேள்வி: தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா? எத்தனை மணிக்கு? என்ன பேச வேண்டும்?

முதல் இரண்டுக்கும் பதில் போட்டேன். தினமும், ஆறு மணிக்கு. மூன்றாவதற்கு ரொம்ப நேரம் யோசித்து, 'மனசில் இருக்கிறதை' என்று எழுதி அனுப்பினேன்.

அப்புறம் எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். ஜல்லி இருந்த இடம் துடைத்து வைத்தது மாதிரி இருக்கிறது. ஒன்று பாக்கி வைக்காதே என்று சொன்னவள் நானேதான். குனிந்து சுவர் ஓரம், துளசித் தொட்டிக்குப் பின்னால், வாய்க்காலில் எல்லாம் தேடினேன். செல்வி வீட்டில் போய்க் கேட்கலாமா என்று யோசித்தேன். தரை போட்டிருப்பார்கள். 'எதுக்கு பெரிம்மா' என்பாள்.

கடைசியில் குழாயடியில் இருந்தது. பிளாஸ்டிக் குடம் ஆடாமல் இருக்க அக்கா எப்போதோ முட்டுக் கொடுத்த ஒன்று. எடுத்ததும் குடம் சாய்ந்து கால் எல்லாம் தண்ணீர்.

அங்கேயே குந்தி உட்கார்ந்து தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். பாசி லேசில் போகவில்லை. உள்ளே கொண்டுபோய் விபூதி வைத்து, செம்பருத்தி வைத்து, அந்த வட்டத்திலேயே வைத்தேன். கொஞ்சம் கோணலாக நிற்கிறது. ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. கழற்றித் திரும்பச் சீட்டின் மேல் வைத்துவிட்டேன்.

யாராவது கேட்டால் மலைக்கல் என்றுதான் சொல்வேன். யாராவது கேட்க வேண்டும்.